அலமாரிக்குள் ஒரு குசுகுசுப்பு

துணி அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு பேசுகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மைக் சார் அன்றைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே மனைவியின் புடவைகள் தொங்கின. மூக்கில் பூச்சி உருண்டை நெடி. கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, குசுகுசுவென்று சொன்னார்:

"தலைமை ஆசிரியர் பதவி எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டவே வேண்டாம்."

வேண்டாம் என்றால் வெளியே வந்து சொல்லலாமே, அலமாரி எதற்கு என்று கேட்பீர்கள். விஷயம் என்னவென்றால், அவருக்கு அந்தப் பதவி வேண்டும். தலைகீழாக நின்றாவது வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது அவர் மனைவி.

பள்ளிக்கூடத்தில் அவர் அறிவியல் வாத்தியார். ஆனால் யாரும் அவரை அறிவியல் சார் என்று கூப்பிட்டதில்லை. விழாவா, கூட்டமா, பரிசளிப்பா, ஒலிபெருக்கி அவர் பொறுப்பு. மைக்கைத் தட்டி, ஊதி, உயரத்தைச் சரிபண்ணி, வேறு யாரோ பேசுவதற்கு வழிவிட்டு மேடை ஓரத்தில் போய் நிற்பதே இத்தனை வருஷமாக அவர் பிழைப்பு. ஓரத்தில் நின்று நின்று அவருக்கு ஒரு தோள் கொஞ்சம் சாய்ந்தே போய்விட்டது. அதனால், தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் ஓய்வு பெறப் போகிறார் என்ற சேதி வந்ததும், இந்தத் தடவை தட்டின மைக்கில் நாமே பேசிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார்.

குறுக்கே நின்றது ஒரே ஒரு ஆள். கணக்கு டீச்சர். அதே பள்ளிக்கூடம், இவருக்குக் கொஞ்சம் முன்னால் வேலையில் சேர்ந்தவள். முறைப்படி முதல் உரிமை அவளுக்கு. அவள் வாய் திறந்து வேண்டாம் என்றால்தான் அடுத்தது இவருக்கு. அந்தக் கணக்கு டீச்சர்தான் மைக் சாரின் சம்சாரம்.

'நீ விட்டுக்கொடேன்' என்று நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் "ஏன்?" என்பாள். கணக்கு டீச்சருக்கு விடை மட்டும் சொன்னால் போதாது, வழிமுறை காட்ட வேண்டும். வழிமுறைதான் இவரிடம் இல்லை. 'எனக்கு ஆசையாக இருக்கிறது' என்பதை ஒரு வழிமுறையாக அவரால் நினைக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மூச்சு மாஸ்டர் வந்து சேர்ந்தார்.

ஆசிரியர்களுக்கு மன அழுத்தம் தாங்கவில்லை என்பது பள்ளிக்கூட நிர்வாகிக்கே தெரிந்துபோயிருந்தது. ஒரு டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போதே கண்ணீர் விட்டு அழுதுவிட்டாள். டிராயிங் மாஸ்டர் மணி அடித்ததும் வகுப்புக்குப் போகாமல் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். வெளியே இழுத்தபோது, "இன்னும் கொஞ்ச நேரம்" என்று கெஞ்சினாராம். அதனால் தினமும் கடைசி மணிக்கு அப்புறம் எல்லா ஆசிரியர்களுக்கும் யோகாவும் தளர்வுப் பயிற்சியும் கட்டாயம் என்று ஆகிவிட்டது.

அதைச் சொல்லிக்கொடுக்க வந்த மூச்சு மாஸ்டர் ஒல்லி ஆள். கண்ணைச் சிமிட்டவே மாட்டார். நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது. யாருமில்லை என்று நினைத்துத் திரும்பினால் பக்கத்தில் நிற்பார். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வரும்.

கூட்ட அறையில் திரைகளை இழுத்துவிடுவார்கள். வெளியே மழை இருட்டு, உள்ளே அதைவிட இருட்டு. பாய் விரித்து எல்லாரும் வரிசையாக மல்லாந்து படுப்பார்கள். "சவாசனம்" என்று மாஸ்டர் சொல்லும்போதெல்லாம் மைக் சாருக்கு முதுகுத்தண்டு சில்லிடும். பெயரே சரியில்லையே! ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதால் அவர் மட்டும் படுக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். அத்தனை பேர் நீட்டிக் கிடக்கிற அறையில் தான் ஒருத்தர் மட்டும் முழித்துக்கொண்டிருப்பது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"உங்கள் கால்... உங்களுடையது அல்ல," என்பார் மாஸ்டர். "உங்கள் கை... உங்களுடையது அல்ல. உங்கள் பெயர்... அதுவும் உங்களுடையது அல்ல."

எங்கேயோ ஒரு மூலையில் டிராயிங் மாஸ்டர் நிம்மதியாக முனகுவார்.

கொஞ்ச நாளில் பள்ளிக்கூடமே மாறிப்போனது. யாரும் கத்துவதில்லை. யாரும் ஓடுவதில்லை. வீட்டுப்பாடம் எழுதாத பையனிடம் டிராயிங் மாஸ்டர் சத்தமில்லாமல் போய்க் குனிந்து, காதோரத்தில், "பரவாயில்லப்பா... மூச்சை விடு..." என்றார். பையன் அலறிக்கொண்டு ஓடிப்போய் அன்றைக்கே மொத்தப் பாடத்தையும் எழுதி முடித்தான். பிரம்பெடுத்த காலத்தில்கூட அந்தப் பிள்ளைகள் அப்படிப் படித்ததில்லை.

ஒருநாள் வயர்களைச் சுருட்டிக்கொண்டே மைக் சார் பேச்சுக் கொடுத்தார்.

"மாஸ்டர், இவங்கல்லாம் இப்படிக் கிடக்கறப்ப நாம ஏதாவது சொன்னா காதுல விழுமா?"

"காதுல விழாது."

"ஓ, விழாதா."

"அதுக்கும் கீழ விழும்."

மைக் சார் வயரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஈர சிமெண்ட்ல கால் வெச்சா எப்படி?" என்றார் மாஸ்டர். "அப்படிப் பதியும். அப்புறம் காய்ஞ்சிடும். அதனாலதான் நான் நல்ல வார்த்தை மட்டும் சொல்றேன்."

போதாதா? வீட்டில் பயிற்சி செய்ய மாஸ்டர் தன் குரலைப் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். கணக்கு டீச்சர் தினமும் சாயங்காலம் வீடு திரும்பி, டீ குடித்துவிட்டு, உள்அறையில் பாய் போட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். மாஸ்டரின் குரலுக்கு அடியில் இன்னொரு குரலை மெல்லியதாகச் சேர்ப்பது மைக் சாருக்குக் கைவந்த கலை. எதிரொலி இல்லாமல் பேசத் துணி நிறைந்த இடம் வேண்டும். அதற்குத்தான் அலமாரி.

அறிவியல் வாத்தியார் அல்லவா, எடுத்த எடுப்பில் பெரிய வாக்கியத்தைப் போடவில்லை. முதலில் ஒரு சோதனை. அந்த வீட்டில் சமையல் அவள், பாத்திரம் இவர், துணி மடிப்பதும் இவர். "பாத்திரம் கழுவுவது என் வேலை, எனக்குச் சந்தோஷமான வேலை" என்று குசுகுசுத்து, பதிவில் கலந்து, அவள் போனில் போட்டு வைத்தார்.

மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் கணக்கு டீச்சர் எழுந்து நேராகத் தொட்டிக்குப் போனாள்.

"இரு, இன்னிக்கு நான்தானே?" என்றார் இவர், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

"என் வேலைங்க."

"யார் சொன்னா?"

"தெரியலைங்க. சந்தோஷமா இருக்கு."

அவள் திரும்பவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே தட்டை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மைக் சாருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் சோபாவில் காலை நீட்டியதும் கூச்சம் போய்விட்டது.

அடுத்தது துணி மடிப்பு. அதுவும் பலித்தது. அதற்கு அப்புறம் டி.வி. ரிமோட். அதைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். பிறகுதான் அவர் பெரிய வாக்கியத்துக்காக அலமாரிக்குள் ஏறினார்.

சீக்கிரமே பலன் தெரிந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், சுவரைப் பார்த்தபடி அவள் சொன்னாள்: "பெரிய டீச்சர் கேட்டாங்க. திங்கட்கிழமை நிர்வாகி வந்து என் முடிவைக் கேப்பாராம்."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு வேண்டாம்னு தோணுதுங்க."

மைக் சாருக்கு டீ புரை ஏறிவிட்டது. இருமி முடித்ததும், "உன் இஷ்டம்மா. நான் எதுலயும் தலையிட மாட்டேன்" என்றார். அன்று படுக்கப் போகும்வரை கண்ணாடி முன் நின்று 'மாணவச் செல்வங்களே' என்று பேசிப் பார்த்தார். தோள்கூட நிமிர்ந்த மாதிரி இருந்தது.

ஆனால் அந்த 'வேண்டாம்' சும்மா இருக்கவில்லை.

"டீ போடட்டுமா?" என்றார் மறுநாள்.

"வேண்டாம்."

"உடம்பு சரியில்லையா? டாக்டர்கிட்ட..."

"வேண்டாம்."

"இருட்டிடுச்சே, லைட்டாவது போடட்டுமா?"

"வேண்டாம்."

போடாமல் இருட்டிலேயே எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மழைத்தண்ணீர் ஜன்னல் வழியாகச் சொட்டியது. அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் ஒரே அளவாகக் கேட்டது, மாஸ்டர் சொல்லிக்கொடுத்த அதே அளவில். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தம் சோபா பக்கத்திலிருந்து இல்லாமல் இவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"எங்க இருக்க?"

"இங்கதாங்க."

"எப்ப எழுந்து போன? என்ன பண்ற?"

"தளர்வா இருக்கேங்க."

அடுத்த நாள் குளியலறைக் கண்ணாடியில் துண்டைப் போட்டு மூடியிருந்தாள். "என்ன இது?" என்று கேட்டால், "வேண்டாம்னு தோணிச்சு" என்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பைத் தாண்டிப் போனபோது மைக் சார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சாக்பீஸைப் பிடித்தபடி கரும்பலகையைப் பார்த்து ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் ஒரு பெரிய கணக்கு, வரி வரியாகச் சுத்தமான வழிமுறை. விடை வர வேண்டிய இடத்தில் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தது.



போட்டவனே எடுத்துவிடலாம் என்று அன்று சாயங்காலம் திரும்பவும் அலமாரிக்குள் ஏறினார். "வேண்டும்... எனக்கு வேண்டும்..." என்று புதுப் பதிவு செய்து ஓட விட்டார். அவள் பாயிலிருந்து எழுந்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். காய் நறுக்குகிற கத்தியோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"எனக்கு வேணுங்க," என்றாள்.

"எ... என்ன வேணும்?"

"தெரியலைங்க." கண் சிமிட்டவில்லை. "ஏதோ வேணும்."

"கேரட் இருக்கு! பிரிட்ஜ்ல கேரட் இருக்கு!"

அவள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். அப்புறம் கேரட்டை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள், இவரைப் பார்த்துக்கொண்டே. மைக் சார் அந்தப் பதிவை அழித்துவிட்டுப் பழையதையே திரும்பப் போட்டு வைத்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். மைக் சாரை உலகத்தில் திட்டுவதற்கென்று ஒரே ஒரு ஆள்தான் உண்டு. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டால் திட்டுவாள். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டால் திட்டுவாள். திட்டிக்கொண்டே பித்தானைச் சரியாகப் போட்டுவிடுவாள். அன்றைக்கு அவர் வேண்டுமென்றே ஈரத்துண்டைக் கட்டிலில் விரித்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். வந்தாள். பார்த்தாள். போய்விட்டாள். அந்த மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, அவள் நாற்காலி மேல் ஏறி, சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவைத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தாள். பின்பக்கத்து அட்டை மட்டும் தெரிந்தது.

"ஏம்மா? அது நம்ம போட்டோ."

"வேண்டாம்."

கீழே இறங்கினாள். இவரை மெதுவாகத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வாய் திறந்தது.

"எனக்கு..."

மைக் சார் பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தினார். "சொல்லாதே! தாயே, அதை மட்டும் சொல்லிடாதே!"

மறுநாள் முதல் மணிக்கு முன்னாலேயே மூச்சு மாஸ்டரைத் தேடிக்கொண்டு போனார். தேட வேண்டியிருக்கவில்லை. திரும்பியதும் பக்கத்தில் நின்றார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். எனக்கில்ல, ஒரு நண்பருக்கு. ஒருத்தருக்குள்ள தெரியாத்தனமா ஒரு வார்த்தை போயிடுச்சுன்னா..."

"தெரியாத்தனமாவா?"

"கொஞ்சம் தெரிஞ்சு."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "அது வேர் விட்டிருக்கும். அழிக்க முடியாது. யார் போட்டாங்களோ அவங்க வாங்கிக்கணும். அதே மாதிரி மல்லாந்து படுத்து, அதே வார்த்தையை வாய் விட்டுச் சொல்லி, தன் பேர்ல ஏத்துக்கணும். சின்ன வார்த்தைன்னா வீட்டுலயே போதும்."

"பெரிய வார்த்தைன்னா?"

"பலர் படுத்திருக்கிற இடத்துல சொல்லணும். அத்தனை பேர் மூச்சும் வேணும்."

வாத்தியார் புத்தி, இதையும் முதலில் சின்னதாகத்தான் சோதித்தார். சாயங்காலம் உள்அறையில், அவள் பாய்க்குப் பக்கத்தில் பாய் போட்டு மல்லாந்து, "பாத்திரம் கழுவுவது என் வேலை! எனக்குச் சந்தோஷமான வேலை!" என்று உரக்கச் சொன்னார். பக்கத்தில் ஒரு அசைவு. அவள் எழுந்து உட்கார்ந்து, இத்தனை நாளில் முதல் தடவையாகக் கண்ணைச் சிமிட்டினாள்.

"அப்புறம் ஏங்க தொட்டி நிறையக் கிடக்கு? ஈ மொய்க்குது பாருங்க!"

அதே குரல்! பழைய குரல்! மைக் சார் குழந்தை மாதிரி ஓடிப்போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தார். தேய்த்துவிட்டு வந்தால் அவள் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடுகிற மாதிரித் தெரிந்தது. உடனே மறுபடி படுத்தார். துணி மடிப்பதைத் தன் பேரில் ஏற்றுக்கொண்டார். அவள் இன்னும் கொஞ்சம் தேறினாள். வேகம் பிடித்துப்போய், போடாத வார்த்தைகளையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார். வீடு பெருக்குவது, காய் வாங்குவது, காலையில் முதல் ஆளாக எழுந்து டீ போடுவது. ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு ஒரு சிமிட்டல் வந்தது.

மிச்சம் இருந்தது அந்த ஒரே வார்த்தை. பெரிய வார்த்தை.

அன்றைக்கு அவர் வெகுநேரம் திருப்பி மாட்டிய போட்டோவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை நிர்வாகி வருகிறார். அதுவரை பொறுத்தால் அவள் வேண்டாம் என்பாள், நாற்காலி இவருக்கு. ஆனால் அதற்குள் அந்த வாய் இவரைப் பார்த்துத் திறந்துவிட்டால்? நாற்காலி இருந்து என்ன பண்ண? சாயங்காலம் திரும்பி வருகிற வீட்டில் யார் திட்டுவார்கள்?

'நாளைக்கே வாங்கிக்கொள்கிறேன்' என்று முடிவு பண்ணினார். உண்மையாகவே பண்ணினார். ஆனால் மைக் சார் மைக் சார்தானே? கூடவே இன்னொன்றும் நினைத்துக்கொண்டார். 'பாயில் படுத்துப் புலம்பினதை எல்லாம் யார் பெரிசாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்? எல்லாரும் பாதி மயக்கத்தில் கிடப்பார்கள். இவள் சரியாகட்டும். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.'

மறுநாள் கடைசி மணி. கூட்ட அறை. திரைகளை வழக்கத்தைவிட நன்றாக இழுத்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் முகம்கூடத் தெரியவில்லை. இத்தனை நாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மைக் சார் முதல் தடவையாகப் படுத்தார். ஒரு பக்கம் மனைவி. இன்னொரு பக்கத்துப் பாயிலும் யாரோ கிடந்தார்கள், கனமான உடம்பு. ஒலிபெருக்கியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அதில் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"உங்கள் கால்... உங்களுடையது அல்ல..."

அட, உண்மையாகவே கால் இருக்கிற உணர்வு போய்விட்டது.

"உங்கள் ஆசை... உங்களுடையது அல்ல..."

இது புதுசாக இருக்கிறதே என்று நினைத்தார். பக்கத்தில் மனைவியின் மூச்சு, அதே அளவில், காதுக்கு ரொம்பப் பக்கத்தில் கேட்டது. "எனக்கு..." என்று அவள் ஆரம்பிப்பது போல இருந்தது. இனித் தாங்காது. மைக் சார் அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"தலைமை ஆசிரியர் பதவி எனக்கு வேண்டாம்!"

இருட்டில் வரிசை வரிசையாகக் கிடந்த உடம்புகள் ஒரே குரலில் முனகின: "வேண்டாம்..."

உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் விடவில்லை. "எனக்கு வேண்டாம்!"

"வேண்டாம்..."

"எனக்கு வேண்டவே வேண்டாம்!"

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்தான். அப்புறம், இன்னொரு பக்கத்துப் பாயில் கிடந்த உடம்பு மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. மைக் சார் "ஐயோ!" என்று அலறிவிட்டார். யாரோ விளக்கைப் போட்டார்கள்.

நிர்வாகி.

"சார்," என்றார் அவர், வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டே. கண் கலங்கியிருந்தது. "வகுப்பு எப்படி நடக்குதுன்னு நீங்களே வந்து படுத்துப் பாருங்கன்னு நம்ம கணக்கு டீச்சர்தான் கூப்பிட்டாங்க. படுத்தது எவ்வளவு நல்லதாப் போச்சு! முறைப்படி டீச்சருக்குத்தான்னாலும், நீங்க வருத்தப்படுவீங்களோன்னு மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டிருந்தேன். இத்தனை பேர் முன்னால மூணு தடவை தெளிவாச் சொல்லிட்டீங்களே. எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!"

"இல்ல சார், அது வந்து..."

"டீச்சர், உங்களுக்குச் சம்மதமா?"

கணக்கு டீச்சர் எழுந்து நின்றாள். கொண்டையை அவிழ்த்து இறுக்கமாக முடிந்தாள். கண்ணை நன்றாகச் சிமிட்டினாள்.

"சம்மதம் சார்."

எல்லாரும் கை தட்டினார்கள். கைதட்டலில் ரொம்ப பலமாக இருந்தது மூச்சு மாஸ்டருடையது. அவர் சிரித்து அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

மைக் சார் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். உள்ளே நுழைந்ததும் நனைந்த சட்டையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தார்.

"அங்க போடாதீங்கன்னு எத்தனை வருஷமாச் சொல்றது? மெத்தை நாறிப்போகாதா? உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

நாற்காலி போன துக்கத்திலும் அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. "திட்டு," என்றார். "இன்னும் கொஞ்சம் திட்டு."

அவள் சட்டையை எடுத்து உதறிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் அவருக்கு உறைத்தது.

"அப்ப நீ மயங்கவே இல்லையா?"

"எப்படிங்க மயங்கறது? மாஸ்டர் பாட்டுக்கு 'உங்கள் கால் தளர்கிறது'ங்கறார். அதுக்கு அடியில ஒரு குரல் 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்'ங்குது."

மைக் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். பழக்கம். அலமாரிக்குள்ளும் விடவில்லை.

"மாஸ்டர்கிட்டப் போட்டுக் காமிச்சேன். அவருக்கு அப்படி ஒரு கோபம். தன் குரல்ல கலப்படம் பண்ணிட்டாங்களேன்னு. என்ன செய்யணுமோ சொல்லுங்க டீச்சர், நான் இருக்கேன்னார். ஸ்டாஃப் ரூம்லயும் எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன். டிராயிங் மாஸ்டர்தான் ரெண்டு நாளா முனகிப் பழகினார்."

"அந்தக் கத்தி?"

"கேரட் நறுக்கத்தான். நீங்கதானே இருக்குன்னீங்க?"

அவர் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடி, "எனக்கு ரொம்ப ஆசையா இருந்துச்சும்மா" என்றார். அதைச் சொல்ல இத்தனை நாள் ஆகியிருந்தது.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"இதை நேரா ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே விட்டுக் கொடுத்திருப்பேன். எனக்கு அந்த நாற்காலி மேல ஆசையே இல்லீங்க. நீங்க தினம் சாயங்காலம் காதுக்குள்ள வந்து 'வேண்டாம், வேண்டாம், வேண்டவே வேண்டாம்'னு சொல்லச் சொல்லத்தான், அப்படி என்னதான் இருக்கு அதுலன்னு யோசிச்சேன். யோசிக்க யோசிக்க ஆசை வந்துடுச்சு."

வெளியே மழை விட்டிருந்தது. "இனிமே நான் எப்படித்தான் இருக்கணும்?" என்று மைக் சார் ஈனசுரத்தில் கேட்டார்.

புதுத் தலைமை ஆசிரியை அவர் சாய்ந்த தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"வீட்டுல எப்பவும் போல தளர்வா இருங்க. ஸ்கூல்ல நான் உள்ள வரும்போது மட்டும் எழுந்து நின்னாப் போதும்."